நாற்பது கேள்வி ஃபாரம்

இப்போதெல்லாம் எவனும் எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. எதற்கெடுத்தாலும் ஃபாரம், எதற்கெடுத்தாலும் நட்சத்திரம். பிரியாணிப் பொட்டலம் கொண்டுவருகிறவன் அஞ்சு நட்சத்திரம் போடுங்கள் என்று வாசலில் நின்று கெஞ்சுகிறான். பல் பிடுங்கிக்கொண்டு வந்தால், வாயிலிருக்கிற பஞ்சை எடுப்பதற்குள் எங்கள் சேவை எப்படி என்று போனில் கேட்கிறார்கள். வாயைத் திறக்க முடியாதவனிடம் கேட்கிற கேள்வியா இது? கேட்கிறவனுக்குப் பதில்மேல் அக்கறை இல்லை, சொல்கிறவனுக்கு உண்மைமேல் அக்கறை இல்லை. இந்த வியாதி கடைசியில் என் கிரவுண்டுக்கும் வந்தது.

என் பெயர் வெள்ளத்துரை. மூன்றாவது வரை படித்தேன். அதற்குமேல் பள்ளிக்கூடம் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டினேன். மேலே கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிறு தெரியாது. கீழே நிற்கிற என் கையைப் பார்த்துத்தான் ஓட்டுவான். விரலை மேலே காட்டிச் சுழற்றினால் தூக்குவான். கீழே காட்டிச் சுழற்றினால் இறக்குவான். கையை விரித்து நீட்டினால் நிறுத்துவான். ஒரு கிரேனுக்கு ஒரு கைதான். நாலு பேர் கை காட்டினால் பாரம் எவன் தலையிலாவது இறங்கும். ஆனால் நிறுத்து என்பதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். குப்பை கூட்டுகிற அம்மா காட்டினாலும் பாரம் அந்தரத்தில் நிற்கும். ஏன் என்று அப்புறம்தான் கேட்போம்.

சாயங்காலங்களில் துறைமுக டீமுக்கு வாலிபால் ஆடினேன். அந்தப் பழக்கத்தில்தான், ஓய்வு பெற்றபின் டோல்கேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவிலுள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் கோச்சாகப் போனேன். பதினோரு வருஷம் ஆகிறது. நிரந்தர வேலை கிடையாது. என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று ஒவ்வொரு தை மாதமும் முடிவு செய்வார்கள்.

மார்கழியில் அந்த கிரவுண்டைப் பார்க்க வேண்டும். விடிகிற நேரத்தில் கடல் பக்கமிருந்து பனி எழுந்து ரோட்டைத் தாண்டி வரும். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கிற கன்டெய்னர் லாரிகள் கரைந்துபோகும். எண்ணூர்ப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் வானத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். நெட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெண்கள் தெரிய மாட்டார்கள். பந்து மட்டும் தெரியும். பனிக்குள்ளிருந்து வெள்ளையாக எழும், உச்சியில் ஒரு நொடி யோசிக்கும், மறுபடி பனிக்குள் போய்விடும். அந்த ஒரு நொடியில் நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துவிடும். கப்பல் மேல்தளமா, கிரவுண்டா, இன்னும் எழுந்திருக்கவே இல்லையா என்று குழப்பமாக இருக்கும். பந்து கீழே விழுந்து சத்தம் வந்தபிறகுதான் மண் காலில் ஒட்டும்.

நான் வாயால் அதிகம் சொல்லித்தருகிறவன் இல்லை. கையால் காட்டுவேன். விரல் சுழன்றால் பந்தை உயரமாகத் தூக்கு. கை கவிழ்ந்தால் தாழப் போடு. தப்பாகப் போட்டால் மட்டும் வாய் திறக்கும். திறந்தால் அது நல்ல வாயாக இருக்காது.

அப்படி ஒரு காலையில்தான் ஃபர்ஹான் வந்தான். முதலில் ஒரு பை வந்தது, அப்புறம் கண்ணாடி, அப்புறம் ஆள். பனி அவனைத் தவணை முறையில் வெளியே விட்டது. முப்பது வயதிருக்கும். கல்லூரி விளையாட்டுக்காரர்கள் எப்படிப்பட்ட கோச்சை விரும்புகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்கிறானாம்.

"அதெ கண்டுபுடிச்சி இன்னா பண்ணப் போற?" என்றேன்.

"டாக்டர் பட்டம் கிடைக்கும் ஐயா."

"அப்போ ஊசி போடுவியா?"

பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நல்ல பையன்தான், அதுதான் எனக்குச் சந்தேகம். கட்டளை போடுகிற கோச், கருத்துக் கேட்கிற கோச், பாராட்டுகிற கோச், வீட்டு நிலவரம் விசாரிக்கிற கோச், ஆட்டத்தை மட்டும் சொல்லித்தருகிற கோச் என்று ஐந்து தினுசு உண்டு என்றான். துறைமுகத்தில் அரிசியை இப்படித்தான் ரகம் பிரிப்பார்கள். மனிதனைப் பிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆளுக்கு இரண்டு ஃபாரம். ஒன்று, உனக்கு எப்படிப்பட்ட கோச் வேண்டும். இன்னொன்று, இப்போதிருக்கிற கோச் எப்படி. ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்வி. எப்போதும், அடிக்கடி, சில நேரம், அபூர்வமாக, ஒருபோதும் இல்லை என்று ஐந்து கட்டம், ஏதாவது ஒன்றில் டிக். பேர் எழுத வேண்டாம். பன்னிரண்டு பேரும் சிமெண்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினார்கள். நான் நெட்டைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்றேன். பேனா சத்தம் எனக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் கேட்டது, மணலில் நண்டு ஓடுகிற மாதிரி.

உடற்கல்வி இயக்குநர் திலீப் அன்று மதியமே என்னைக் கூப்பிட்டார். "இந்த வருஷம் பிரின்சிபால் அந்த ஃபாரத்தையும் பார்ப்பாங்களாம், அண்ணே. சர்டிஃபிகேட் வெச்சிருக்கிற ஒரு பையன் ரெடியா இருக்கான். உங்களுக்கு நல்லா வந்தா நீங்க இருப்பீங்க. இல்லன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"பொண்ணுங்க ஆடறத பாத்தா தெரியாதா?"

"தாள்ல இருந்தா காட்டறது சுலபம்ணே."

எனக்கு வேறு இடமில்லை என்று சொல்ல மாட்டேன். ராயபுரத்தில் ஓர் அறை இருக்கிறது, ஓய்வூதியம் வருகிறது. ஆனால் காலை ஐந்தரைக்கு எழுந்து போக வேறு இடம் இல்லை. பந்து உச்சியில் நிற்கிற அந்த நொடியை வேறெங்கே போய்ப் பார்ப்பேன்?

எட்டு நாள் கழித்துக் கணக்கு வந்தது. திலீப் அறையில் ஃபர்ஹான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தான். "என்ன சொல்றதுன்னே தெரியல, ஐயா," என்று ஒரு தாளை நகர்த்தினான். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். கோச் நன்றாக ஆடினால் பாராட்டுவாரா? ஒருபோதும் இல்லை. தவறைத் திருத்திச் சொல்லித்தருவாரா? ஒருபோதும் இல்லை. உன் கருத்தைக் கேட்பாரா, உன் வீட்டைப் பற்றி விசாரிப்பாரா, உனக்கு ஆட்டத்தின் நுணுக்கம் விளக்குவாரா? ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை, ஒருபோதும் இல்லை. மேலிருந்து கீழ்வரை கடைசிக் கட்டத்தில் டிக். பன்னிரண்டு தாளும் அப்படியே.

"மைனஸ்ல தான் போகல," என்றார் திலீப், என் முகத்தைப் பார்க்காமல்.

அன்று மதியம் அறையில் படுத்தேன். ஜன்னலுக்கு வெளியே ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து மின்சார ரயில் கிளம்புகிற சத்தம் நீளமாக வந்து அப்படியே கனவுக்குள் போயிற்று. கிரேன் ஒன்று கப்பலுக்குள்ளிருந்து எதையோ தூக்கிக்கொண்டிருந்தது. பார்த்தால் எல்லாம் டிக். கருவாட்டு மூட்டை மாதிரி வலைக்குள் நீல டிக்குகள் நெருக்கிக்கொண்டு தொங்கின. நான் கையை விரித்து நீட்டினேன். நிற்கவில்லை. மேலே பார்த்தேன், கூண்டில் ஓட்டுகிறவனே இல்லை. வலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே என் தலைக்கு நேராக வந்தது. அது விழாமலும் நகராமலும் அங்கேயே நிற்க, நானும் அடியிலேயே நின்றேன். எழுந்தபோது வெயில் சுவரில் இறங்கியிருந்தது.

மறுநாள் காலை கிரவுண்டில் ஒரு காரியம் செய்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இன்னிக்கு இன்னா ஆடலாம்?" என்றேன். "நீங்களே சொல்லுங்க."

பன்னிரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். பனிக்குள் பன்னிரண்டு கம்பம் நட்ட மாதிரி இருந்தது.

"எங்க கிட்டியா கேக்கற நைனா?" என்றாள் மகிழினி. வியாசர்பாடிப் பெண். பந்தைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தில் ஆடுபவள், டீமுக்குத் தலைவி.

"ஆமா. ஒங்க கருத்து இன்னா?"

"அய்யோ," என்றாள் ஜூடி.

"ஷோக்கா நிக்கிறம்மா நீ," என்று அவளைப் பாராட்டினேன். அவள் ஓடிவந்து என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "சுடலியே. நைனா, நாஸ்டா துன்னியா? மாத்திரை எதுனா மாத்திப் போட்டுட்டியா?"

"ஏய், ஆட்டோ இஸ்துகினு வாங்கடி," என்றது பனிக்குள்ளிருந்து ஒரு குரல். "நைனா பாராட்டுது, சாவப் போவுது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கதானடி எய்தினீங்க! கேக்கவே மாட்டான், பாராட்டவே மாட்டான், ஒண்ணும் சொல்லித்தர மாட்டான்னு. பதினோரு வருசமா இந்த கிரவுண்டுல நான் இன்னா ஆடு மேய்ச்சிகினா இருந்தேன்? தை மாசத்தோட என்ன அனுப்பப் போறாங்க. சந்தோசமா?"

லாரி ஒன்று சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு விட்டது.

"ஃபாரம்னா இல்லன்னு தான நைனா போடணும்?" என்றாள் மகிழினி, மெதுவாக.

"இன்னாது?"

"வெள்ளம் வந்தப்போ நிவாரணத்துக்கு வூடு வூடா கணக்கெடுக்க வந்தாங்கல்ல. எங்க பக்கத்து வூட்டு கெங்கம்மா அக்கா, கட்டிலு போச்சு, மிக்ஸி நல்லா கீதுன்னு உண்மைய சொல்லிச்சு. அதுக்கு ஒண்ணியும் வர்ல. எங்கம்மா எல்லாம் போச்சுன்னு சொல்லிச்சு, வந்திச்சு. அதுலேர்ந்து எங்க தெருவுல ஃபாரம்னா எல்லாருக்கும் ஒரே பதிலு. இல்ல, இல்ல, இல்ல."

"எங்க வூட்ல ஃபிரிட்ஜ் நல்லா கீது," என்றாள் ஜூடி. "கணக்கெடுக்க வராங்கன்னு அதுமேல போர்வைய போத்தி, அந்தோணியாரத் தூக்கி வெச்சி, பக்கத்துல ரெண்டு மெழுகுவத்தி ஏத்திட்டோம். வந்தவரு கும்புட்டுட்டுப் போனாரு."

"அதுக்கும் என் ஃபாரத்துக்கும் இன்னா சம்பந்தம்?"

"இல்லன்னு போட்டா ஷூ வரும், புது நெட்டு வரும், நல்ல பந்து நாலு வரும்னு நெனச்சோம் நைனா."

"பாராட்டு இல்லன்னு போட்டா பாராட்டு வருமா? கன்டெய்னர்ல வந்து எறங்குமா?"

"கேள்விய யாரு படிச்சா?" என்றாள் மகிழினி. "ஃபாரத்தப் பாத்தா கையி தானா கடைசிக் கட்டத்துக்குப் போவுது."

கொடுங்கையூர் மதி மட்டும் பக்கத்தில் வரவில்லை. கோட்டுக்கு வெளியே பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். உயரமான பெண், டீமில் ஒரே இடது கைக்காரி. கார்த்திகையில் பத்து நாள் பிராக்டிசுக்கு வராமல் இருந்துவிட்டு வந்தவளை, ஒரு வாரம் இதே கோட்டுக்கு வெளியே நிற்கவைத்தது நான்தான்.

அவர்கள் சொன்னதை நான் நம்பினேனா? பாதி. மாட்டிக்கொண்டவர்கள் சொல்கிற காரணம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

ஃபர்ஹானிடம் போய்ச் சொன்னேன். அவன் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "அதான்! எனக்கு அப்பவே இடிச்சது ஐயா. எப்படிப்பட்ட கோச் வேணும்னு கேட்ட முதல் ஃபாரத்துல எல்லாரும் எப்போதும், எப்போதும்னு போட்டிருக்காங்க. எப்போதும் எங்க கருத்தைக் கேக்கணும்னு ஒரு டிக். எப்போதும் யாரையும் கேக்காம அவரே முடிவு பண்ணணும்னு இன்னொரு டிக். ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பிடிக்கும்?"

"எல்லாத்தையும் கேட்டு வெச்சிருக்காளுங்க," என்றேன். "எது கெடைக்குதோ கெடைக்கட்டும்னு."

அவன் விடவில்லை. மறுநாளே புது ஃபாரங்களோடு வந்தான். படிக்கட்டில் பெண்களை உட்காரவைத்து, இது நிவாரணம் இல்லை, ஷூ வராது, நெட் வராது, ஐயாவின் வேலை மட்டும்தான் இதில் இருக்கிறது என்று விளக்கினான். பாவி, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்று பனி மிகவும் அடர்த்தி. படிக்கட்டில் இருந்தவர்கள் இருந்தார்களா என்றுகூடச் சொல்ல முடியாது. தாள்கள் மட்டும் வெள்ளையாக, கொக்குகள் உட்கார்ந்திருப்பது போல வரிசையாகத் தெரிந்தன. ஒன்று எழும், ஒன்று அமரும். எனக்கு நின்றுகொண்டே கண் சொக்கியது. யாரோ என்னை மெதுவாகத் தரையிலிருந்து தூக்குகிற மாதிரி இருந்தது, ஆனால் கை காட்டுகிறவர் யாரென்று தெரியவில்லை.

இரண்டு நாளில் திலீப் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். "அண்ணே, கலக்கிட்டீங்க. தொண்ணூத்தொம்பதே முக்கால் சதவீதம். ஆராய்ச்சியிலேயே இந்த மாதிரி கோச் கிடையாதாம். பிரின்சிபால் ஓகே சொல்லிட்டாங்க. இங்க ஒரு கையெழுத்து."

ஃபர்ஹான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தாள்களை வாங்கிப் பார்த்தேன். பாராட்டுவாரா? எப்போதும். கருத்துக் கேட்பாரா? எப்போதும். பிறந்த நாளை நினைவில் வைத்துக்கொள்வாரா? எப்போதும். என் பிறந்த நாளே எனக்குத் தெரியாது. போன வாரம் ஒன்றுக்கும் உதவாதவனாக இருந்தவன், இந்த வாரம் தேரில் ஏற்றி இழுக்கிற சாமி ஆகிவிட்டேன். அன்றைக்குக் கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடிய நீலக் கோடு, இன்றைக்கு முதல் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஓடியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒவ்வொரு தாளாகத் தள்ளினேன். ஒன்பதாவது தாளில் கை நின்றது. அதிலும் டிக் எல்லாம் முதல் கட்டத்தில்தான். ஆனால் டிக்கின் வால் எல்லாம் இடது பக்கம் பார்த்துப் பறந்தது. இடது கைக்காரி போடுகிற டிக். அந்தக் கோடு இருபத்தேழாவது கேள்வியில் மட்டும் உடைந்திருந்தது. அந்த ஒரு டிக் மட்டும் தனியாக, நாலு கட்டம் தாண்டிக் கடைசியில் போய் நின்றது. மற்றவற்றைவிட அழுத்தமாக, தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் படுகிற மாதிரி. கேள்வியை எழுத்துக் கூட்டினேன்.

உங்கள் வீட்டு நிலவரத்தை உங்கள் கோச் கேட்டறிவாரா?

ஒருபோதும் இல்லை.

மீதிக் கால் சதவீதம் எங்கே போயிற்று என்பது விளங்கியது.

"அந்த ஒண்ணு மட்டும் கைதவறி விழுந்திருக்கும்ணே," என்றார் திலீப். "விடுங்க, யாரும் பார்க்க மாட்டாங்க."

நான் கையெழுத்துப் போட்டேன். பொய்த் தாள் என்று தெரிந்தே போட்டேன். எனக்கு கிரவுண்டு வேண்டும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அடுத்த நாள் காலை எல்லாரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து ஆடவிட்டேன். கை காட்டினேன், பந்து எழுந்தது. "கண்ணு எங்கடி மேயுது?" என்று கத்தினேன். "வந்துட்டாருய்யா பழைய நைனா," என்று ஜூடி கும்பிட்டாள். மகிழினி தூக்கிக் கொடுத்த பந்தை மதி இடது கையால் அறைந்தாள். பனி கிழிந்து மூடியது. இப்படி நிலவரம் தெரியாமல் எத்தனை மார்கழி ஓட்டியிருக்கிறேன்? கூண்டில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் கப்பலின் வயிறு தெரியாது என்று நினைத்திருந்தேன். வயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு நானும் எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லாரும் தண்ணீர்க் குழாய்க்குப் போனார்கள். மதி மட்டும் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பதினோரு வருஷமாக அந்த இடத்தில் நின்று கேட்டதெல்லாம் ஏன் லேட் என்பது மட்டும்தான்.

"வூட்ல இன்னா விசேசம்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஒண்ணியும் இல்ல நைனா."

"கார்த்தியில பத்து நாளு வர்ல."

"சொம்மா தான்."

"அம்மா எப்டி கீறாங்க?"

"நல்லா கீறாங்க."

"கொடுங்கையூரு குப்ப மேட்டுல தான வேலன்னு சொன்னாங்க?"

"ஆமா நைனா."

"பொக வருதுன்றாங்களே. ஜல்பு, இருமலு, எதுனா?"

"இல்ல நைனா. எல்லாம் நல்லா கீது."

நல்லா கீது, நல்லா கீது, நல்லா கீது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு. சொல்லிக்கொண்டே பையின் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி போட்டாள். அந்த விரல்கள்தான் இருபத்தேழாவது கட்டத்தைத் தாளின் பின்பக்கம் வரை அழுத்தியவை.

என் கை தானாக எழுந்து, விரல் விரிந்து, அவளுக்கும் எனக்கும் நடுவில் நீண்டது. அவள் முடிச்சோடு நின்றாள். கொஞ்ச நேரம் பனியும் நின்ற மாதிரி இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் லாரிகள் இல்லை, ரோடு இல்லை. எண்ணூர் விளக்குகள் மட்டும் எதையோ எதிர்பார்த்துக்கொண்டு மேலே தொங்கின. அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா நைனா?"

"ஒண்ணியும் இல்ல."

"நெஜமாவே நல்லா கீது நைனா."

"சரி," என்றேன்.

சரி என்றுதான் சொன்னேன், நம்பவில்லை. தாளையும் நம்பவில்லை, இந்த வாய்ப் பதிலையும் நம்பவில்லை. பதினோரு வருஷம் கேட்காதவன் ஒரு காலையில் கேட்டால் எவள் சொல்வாள் என்பதும் தெரியாமல் இல்லை. கையை மடக்கிச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். பின்னால் அவள் ஒரு பந்தைப் பையிலிருந்து எடுத்து இடது கையால் மேலே தட்டுகிற சத்தம் கேட்டது. அது இறங்குகிற சத்தத்துக்கு நான் நிற்கவில்லை.